ஐயாவின் 12 போர் துப்பாக்கியும் 25 மரத்தோட்டாக்களும்

மாடியில், மெத்தை அறையில் கிடந்த அந்த இரும்புச் சாமானை ஆத்தா (எங்கள் பக்கம் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இத்தனை வருஷமும் தேங்காய் துருவி என்றே நினைத்திருந்தார்கள். மேசை விளிம்பில் மாட்டி இறுக்க ஒரு திருகு, மரக்குமிழ் போட்ட கைப்பிடி, சுற்றினால் சுழலும் ஒரு தலை. "பல்லுத் தேஞ்சு போச்சு, அதான் யாரும் எடுக்கிறதில்ல" என்று காரணமும் சொன்னார்கள். பல் தேயவில்லை. அதற்குப் பல்லே கிடையாது. தோட்டாவின் வாயை உள்பக்கமாக மடித்து உருட்டி மூடுகிற கருவி அது. அதே தகரப் பெட்டிக்குள் ஐயா, அதாவது எங்கள் தாத்தா, தோட்டா கெட்டித்த சாமான்கள் மொத்தமும் இருந்தன.

துப்பாக்கி வீட்டில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இரட்டைக்குழல், வெளியே இரண்டு குதிரை (ஊசியை அடிக்கும் சுத்தி) வைத்த பழைய ரகம். கோட்டையூர்ப் பக்கம் இப்படிப் பல வீடுகளில் ஒன்று இருந்திருக்கிறது. ஆண்கள் ரங்கூனிலும் மலேயாவிலும் இருக்க, நகையும் பெண்பிள்ளைகளுமாகக் கிடந்த பெரிய வீடுகளுக்கு ஒரு காவல். எங்கள் ஐயா அதைக் காவலுக்கு என்று வாங்கி முயலுக்கும் கவுதாரிக்கும் தூக்கிக்கொண்டு போனவர். அப்பச்சி (எங்கள் அப்பா) காலத்தில் அது வருஷத்துக்கு ஒருமுறை துடைக்கப்படும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கப்படும். முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கி வரப்படும். அவ்வளவுதான் அதற்கு நடமாட்டம்.

அப்பச்சிக்கு 70 வயது முடிந்ததும் உரிமத்தை என் பெயருக்கு மாற்றக் கேட்டோம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் அதற்கு வழி இருக்கிறது. உரிமக்காரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, வாரிசு கேட்கலாம். அலைச்சலைப் பற்றி எழுதினால் அதுவே தனிப் பதிவாகிவிடும், விடுங்கள். 2024 ஜூனில், பாராளுமன்றத் தேர்தல் முடிந்து துப்பாக்கி வீடு திரும்பியபோது அது என் பொறுப்பு. அப்போது எனக்கு ஒரு ஆசை: ஐயா வைத்திருந்த கோலத்தில் முழுசாக ஆக்கிவிட வேண்டும். தோளில் வைக்கும் மரக்கட்டை, வார், தோட்டாப் பட்டை, தோட்டா, எல்லாமாக. வேட்டைக்கு அல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்ததோடு அந்தக் கதை முடிந்தது. எங்கள் மாவட்டத்தின் வேட்டங்குடி சரணாலயத்தில் பறவைகள் மிரளக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. அதே மாவட்டத்துக்காரன் நான், முயல் சுடப் போகிறேன் என்றால் என் வீட்டிலேயே சோறு கிடைக்காது.

முதலில் பெட்டி. அதில் இரண்டு டின்கள். ஒன்றைத் தூக்கியதுமே உள்ளே மணல் மாதிரி சரிந்தது. திறக்கவில்லை. குலுக்கவும் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்திய வெடிமருந்து, இன்னொன்றில் கேப் (அடிபட்டதும் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி). மெத்தையிலிருந்து கையில் பிடித்தபடி இறங்கிப் பின்கட்டு நிழலில், அடுப்படிக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, தெரிந்த துப்பாக்கிக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "நீங்களா ஒண்ணும் பண்ணாதீக, எழுதிக் குடுத்துருங்க" என்றார். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம், வந்து எடுத்துப் போனார்கள். பழைய வீட்டில் மெத்தையைச் சுத்தம் செய்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் வயசாகிச் சாவதில்லை.

மிச்சமிருந்தவை: கேப் கழற்றி மாட்டும் கருவி, மரப்பிடி வைத்த இரட்டை அளவுக் கிண்ணம், பூவரசங்கட்டையில் செய்த இடிகோல், 31 பித்தளைக் கூடுகள், வட்டம் வெட்டும் இரண்டு உளிகள், ஒரு மஞ்சள் பையில் நூற்றுக்கணக்கான அட்டை வட்டங்கள். பழைய தோட்டாப் பட்டை ஒன்றும் இருந்தது. எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

ஐயா கெட்டித்த முறையை அப்பச்சி பார்த்திருக்கிறார். கூட்டின் அடியில் கேப். அதன்மேல் ஒரு கிண்ணம் மருந்து. மேலே ஒரு அட்டை வட்டம், அதன்மேல் தடித்த கம்பளி வட்டம், மறுபடி அட்டை. பிறகு ரவை. (சமையற்கட்டு ரவை இல்லை, ஈய ரவை. ஆறாம் நம்பர் என்றால் இங்கிலாந்துக் கணக்கில் ஒரு அவுன்ஸுக்கு 270 மணி.) கடைசியில் மெல்லிய அட்டையை வைத்து மூடி. காகிதக் கூடாக இருந்தால் அந்தத் தேங்காய் துருவியில் மாட்டி வாயை மடித்து உருட்டிவிடுவார். பித்தளையை அப்படி மடிக்க முடியாது, அட்டை ஓரத்தில் மெழுகை உருக்கிவிட்டு அடைப்பார். நடுவில் உள்ள கம்பளிதான் முக்கியம் என்பாராம். மருந்தின் புகையும் அழுத்தமும் ரவைக்கு நடுவில் புகுந்து ஓடாமல், மொத்தத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளுவது அது. அது சரியில்லை என்றால் சத்தம் வரும், கவுதாரி பறந்து போகும்.

வட்டம் வெட்டும் உளி ஏன் இரண்டு? ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம்தான் இருக்கும். ஒன்று தேய்ந்ததால் இன்னொன்று வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. பித்தளைக் கூட்டின் சுவர் மெல்லியது, அதனால் உள்வாய் அகலம். காகிதக் கூட்டுக்கு வெட்டிய வட்டத்தைப் பித்தளைக்குள் போட்டால் தொளதொளவென்று நிற்கும். ஐயா இரண்டுக்கும் தனித்தனி அளவில் வெட்டியிருக்கிறார். பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர். உளிப்பிடியில் ஒன்றுக்கு ஒரு கீறல், இன்னொன்றுக்கு இரண்டு.

அட்டை வட்டங்களை வெயிலில் காயவைக்கப் பரப்பியபோது ஒன்றைத் திருப்பினேன். எழுத்து. இன்னொன்றிலும். "...த்திரண்டு", "வட்டி வர", "மவுங்" (பர்மாக்காரர் பெயருக்கு முன்னால் வருவது), ரூபாய்க் குறி, பாதித் தேதி. எங்கள் ரங்கூன் வட்டிக்கடையின் பேரேட்டு அட்டைகளையும் அட்டையோடு ஒட்டியிருந்த தாள்களையும் வெட்டித்தான் ஐயா வட்டம் போட்டிருக்கிறார். 1930-களின் மந்தத்தில் கடனுக்கு ஈடாக நிலம் நிலமாகக் கைக்கு வந்தது, 1942-ல் ஜப்பான் படை வந்ததும் போட்டது போட்டபடி ஓடிவந்தது, 1948-ல் பர்மா அரசு நில தேசியமயச் சட்டம் போட்டது. இதெல்லாம் ஊரில் எல்லா வீட்டுக் கதையும்தான். எங்கள் வீட்டில் அந்தப் பேரேடு மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. வராத கடனின் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நல்ல கனமான அட்டை. அப்பச்சி ஒரு வட்டத்தை எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவன் எவ்வளவு பாக்கின்னு தெரியலையே" என்றார்.

இனி துப்பாக்கி. எடுத்ததும் திறந்து, இரண்டு குழலிலும் ஒன்றுமில்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தேன். காலி என்று நேற்றே தெரிந்திருந்தாலும் இன்று மறுபடி பார்க்க வேண்டும். 12 போர் என்றால் பன்னிரண்டு யுத்தம் என்று சின்ன வயதில் நினைத்ததுண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டை நுழையும் வாய் என்று அர்த்தம், ஏறத்தாழ பதினெட்டரை மில்லிமீட்டர். குழல் மேலே, தூசியைத் துடைத்ததும், நீரோட்டம் மாதிரி வரிவரியாக ஓட்டம் தெரிந்தது. டமாஸ்கஸ் குழல். இதைப் பார்த்ததும் நம்மவர்கள் "இது நம்ம ஊர் உருக்கு" என்று மார்தட்டுவார்கள். அது வேறு, இது வேறு. அது மூசையில் உருக்கியெடுத்த எஃகு. இது இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் சேர்த்து முறுக்கி, பட்டையாக்கி, ஒரு தண்டின்மேல் சுருள் சுற்றி, சூட்டில் அடித்து ஒட்டியது. சுருளின் ஓரம் முழுக்க ஒட்டு. நூறு வருஷம் கழித்து எந்த ஒட்டு உள்ளே துருப்பிடித்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

குழலின் அடிப்பக்கத்தில், மூடினால் மறைகிற இடத்தில், முத்திரைகள். முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி, ஒரு நட்சத்திரம், தலையில் கிரீடம். பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச்சாலை முத்திரை. கிரீடம் இருப்பதால் 1893-க்குப் பிந்தியது. சாய்சதுரத்துக்குள் 12, சி. அதற்குமேல் இருக்க வேண்டிய ஒன்றைத் தேடினேன். புகையில்லா மருந்துக்கு (கருமருந்தைவிட வீரியமான, பின்னால் வந்த ரகம்) சோதித்த குழலென்றால் சிங்கம் ஒன்றும் பி.வி. என்ற எழுத்தும் இருக்கும். தேடித் தேடிப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். இல்லை.

கட்டையில் பிடிக்கழுத்தில் ஒரு விரிசல். அதற்குமுன் யாரோ ஆசாரி பித்தளைக் கம்பியால் இறுக்கிச் சுற்றியிருந்தார், அழகாகவே. ஆனால் உள்ளே விட்டிருந்தது. இதை வீட்டில் ஒட்டிவிடலாம் என்று கை அரித்தது. ஆனால் ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள பழுதுக்காரர் மதுரையில் இருக்கிறார். உறையில் போட்டு, உரிமப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்து, காரில் கொண்டுபோனேன்.

அவர் செய்த முதல் வேலை எனக்குப் பிடித்துப்போனது. கட்டையைக் கழற்றிவிட்டு, குழல்களைக் கொக்கியில் ஒரு விரலால் தொங்கவிட்டு, மரத்துண்டால் மெல்லத் தட்டினார். கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்டால் இரண்டு குழலையும் நடுப்பட்டையையும் சேர்த்த ஈயப்பற்று நன்றாக இருக்கிறது. எங்களுடையது பாதித் தூரம் கணீர், அப்புறம் பானை தட்டினாற்போல ஒரு அதிர்வு. நடுப்பட்டை ஓரிடத்தில் விட்டிருக்கிறது. பிறகு விளக்கு விட்டுப் பார்த்தார். இடது குழலில் கொத்துக் கொத்தாகத் துருக்குழி. கடைசியில் தோட்டா உட்காரும் அறையை அளந்தார். 65 மில்லிமீட்டர்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. இப்போது பரவலாக விற்கும் தோட்டா 70 மில்லிமீட்டர். அந்த 70 என்பது சுட்டபிறகு வாய் விரிந்த நீளம். சுடுமுன் மடிந்திருப்பதால் 65 அறைக்குள் அது சுகமாக நுழையும், துப்பாக்கியும் மூடும். ஒரு குறையும் தெரியாது. சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலுக்குள் விரிந்து கழுத்தை நெரிக்கும். அழுத்தம் ஏறும். அதுவும் கருமருந்துக்கு மட்டும் சோதித்த, துருக்குழி விழுந்த, சுருட்டி ஒட்டிய குழலில். நுழைகிறதே, பொருந்துகிறதே என்று நம்புவதுதான் ஆபத்து. ஐயாவின் அளவுக் கிண்ணமும் அப்படித்தான். அதில் இரண்டரை, மூன்று என்று டிராம் (பழைய எடையளவு) கோடு இருக்கிறது, கருமருந்துக்கான கோடு. அதே கோடு வரை புகையில்லா மருந்தை நிரப்பிக் குழல் கிழிந்து கை போனவர்கள் அந்தக் காலத்தில் உலகம் முழுக்க உண்டு.

"வச்சிருங்க, தொடைங்க, கும்புடுங்க. சுடாதீக" என்றார் பழுதுக்காரர். தீர்ப்பு. விரிசலை மட்டும் ஒட்டித் தரச் சொன்னேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. அசிட்டோனும் சாக்பீஸ் தூளும் குழைத்துப் பூசினார். காயக் காயத் தூள் எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். தட்டிவிட்டு மறுபடி பூச்சு. நான்கு முறை. பிறகு ஆரல்டைட்டைச் சூடுகாட்டி நீர்க்கவிட்டு, விரிசலை லேசாக விரித்து ஊற்றி, சைக்கிள் டியூபைக் கிழித்து நாடாவாக்கி முறுக்கிச் சுற்றினார். எந்தக் கிளாம்பும் இவ்வளவு சீராக அழுத்தாது. மேலே பழைய ஆசாரியின் கம்பிச் சுற்றை அப்படியே திரும்பப் போடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டார்.

வருகிற வழியில் எனக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. திருப்பத்தூர் தாண்டும்போது, அப்பச்சிதான் கேட்டார்: "சுடாட்டி என்ன? மத்ததெல்லாம் செய்யப் போறியா இல்லையா?" சரி, செய்வோம்.

கட்டையின் பூச்சு வேலையைக் கேட்டுக்கொண்டு நானே செய்தேன். அதில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். வாதுமைக் கட்டை, கறுத்து அழுக்கேறியிருந்தது. உப்புத்தாளை வைத்துத் தேய்க்கக் கூடாது என்று படித்திருந்தேன். தேய்த்தால் மரமும் இரும்பும் சேரும் விளிம்பில் மரம் பள்ளமாகி, பார்த்ததுமே தெரிந்துவிடும். அதனால் டர்பன்டைனும் துணியுமாகத் துடைத்தேன். அடிபட்ட பள்ளங்களுக்கு ஈரத்துணியை வைத்து இஸ்திரிப்பெட்டியின் மூக்கால் தொட்டேன். நீராவியில் மரநார் ஊதிப் பள்ளம் மேலே எழும்பியது. அதுவரை எல்லாம் நன்றாகப் போனது. எண்ணெய் போடும்போது அவசரம். அப்பச்சி விளக்கெண்ணெய் போடச் சொன்னார், ஆத்தா நல்லெண்ணெய். விளக்கெண்ணெய் காயவே காயாது, நல்லெண்ணெய் அரைகுறை. காய்ந்து தோலாகிற குணம் ஆளிவிதை எண்ணெய்க்குத்தான். கடையில் காய்ச்சிய ஆளி எண்ணெய் வாங்கி, ஒரே பூச்சாகத் தாராளமாகப் பூசி முகப்பில் சாய்த்து வைத்தேன். ஒன்பது நாள் பிசுபிசுப்பு. வாசல் செம்மண் தூசி முழுவதும் அதில் உட்கார்ந்து, கட்டை அதிரசம் மாதிரி ஆகிவிட்டது. மறுபடி டர்பன்டைன், மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை நான்கைந்து சொட்டு, உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்து, பத்து நிமிஷத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, ஒருநாள் விட்டு அடுத்தது. பதினொரு தடவை. நடுவில் ஒரு விஷயம்: அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டு அப்புறம் போடுங்கள்.

குழலுக்கு மண்ணெண்ணெயும் மென்துணியும், அப்புறம் மெழுகு. அவ்வளவே. கம்பிச் சுருள் கொண்டு தேய்த்தால் அந்த வரியோட்டம் போய்விடும். துருவைப் பற்றி அதிகம் பேச எனக்குக் கூச்சம். 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது, துருவை ஆராய்வதே அங்கே ஒரு முழுப் பிரிவு. அந்த ஊரிலிருந்து இரண்டு கல் தொலைவில் நாங்கள் துப்பாக்கியை முப்பது வருஷம் தோலுறைக்குள் மூடி வைத்து ஈரம் குடிக்க விட்டிருக்கிறோம். இப்போது பழைய வேட்டியில் சுற்றி, காற்றாட இருக்கிறது.

தோட்டாப் பட்டைதான் நான் ரசித்துச் செய்த வேலை. திண்டுக்கல்லிலிருந்து மரப்பட்டையால் பதனிட்ட தோல் வாங்கினேன். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் அந்தப் பழைய முறைத் தோல் வெட்டிய ஓரத்தில் தேன்நிறமாக இருக்கும், ஈரமாக்கி அழுத்தினால் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோமில் பதனிட்டது ரப்பர் மாதிரி, சொன்ன பேச்சு கேட்காது. பட்டைக்கு மூன்றரை மில்லிமீட்டர் தடிப்பு, வளையத்துக்கு ஒன்றரை.

25 வளையம். ஒரு தோட்டாவின் குறுக்களவு 20.5 என்றால் சுற்றளவு 64 மில்லிமீட்டர். வளையத்துக்கு 64 விட்டு ஐந்து வளையம் தைத்து முடித்தேன். பித்தளைக் கூட்டைச் செருகித் தலைகீழாகப் பிடித்தேன், ஐந்தும் மடமடவென்று தரையில். யோசிக்காமல் போட்ட கணக்கு. வளையம் முழுவட்டம் அல்லவே, அடிப்பக்கம் பட்டையே இருக்கிறது. நார் தையலிலிருந்து சாய்ந்து ஏறி மேலே பாதி வட்டம் தழுவி மறுபக்கம் இறங்குகிறது. தையலுக்குத் தையல் 25 என்று வைத்து, தோலின் தடிப்பையும் சேர்த்துத் தாளில் வரைந்து போட்டால் 56 வந்தது. பிரித்துத் தைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, பள்ளிக்கூட வடிவியல் முதன்முறையாக எனக்குச் சோறு போட்டது.

தையல் இரட்டை ஊசித் தையல். மெழுகு பூசிய ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி, ஒரே துளையில் எதிரெதிராக இரண்டும் போகும். மெஷின் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையே அவிழும், இதில் அவிழாது. துளை குத்தூசியால், ஒவ்வொன்றாக. காரைக்குடியில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் என் முதல் தையலைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒவ்வொரு தடவையும் ஒரே கை ஊசியை முதல்ல விடுங்க, அப்பத்தான் சாய்வு ஒரே பக்கம் விழும்" என்றார். நான் படித்த எதிலும் இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. கொக்கிக்கு முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஒரு மதியம் அலைந்தேன். மங்குப் பாத்திரமும் மரத்தூணும் விற்கிற இடத்தில், ஒரு டப்பா நிறையக் கிடந்த பித்தளைக் கொக்கிகளில் ஒன்று 50 மில்லிமீட்டருக்குச் சரியாக வந்தது. பேரம் பேசியதில் கடைக்காரர் என்னைவிடக் கெட்டி.

அடுத்து, பட்டையில் எதைச் செருகுவது? ஐயாவின் பித்தளைக் கூடுகளைச் செருகலாம் என்றுதான் ஆரம்பத்தில் எண்ணம். பழைய பட்டையில் இருந்த ஆறு கூடுகளைப் பிரித்துப் பார்த்தபோது அந்த எண்ணம் போனது. வளையம் தொட்ட இடமெல்லாம் பச்சைப் பசேலென்று களிம்பு. தோலின் துவர்ப்பும் ஈரமும் பித்தளையைத் தின்னும். புளியைக் கரைத்துத் தேய்த்து 31-ஐயும் ஆத்தா பளபளவென்று ஆக்கிக் கொடுத்துவிட்டார்கள் (குத்துவிளக்கு கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்). அவற்றை மறுபடி தோலில் செருக மனம் வரவில்லை. கண்ணாடிப் புட்டியில் இருக்கின்றன.

அதனால் மரத்தோட்டா. இதற்கு ஒரு பயனும் உண்டு. காலித் துப்பாக்கியில் குதிரையை வெறுமனே விழவிட்டால், கேப்பை அடிக்கும் ஊசி தாங்கலின்றி அடித்து நாளடைவில் உடையும். அடிபட ஏதாவது இருக்க வேண்டும். கடைசல் பட்டறையில் அளவு எழுதிக் கொடுத்தேன்: மொத்த நீளம் 58, உடல் 20.2, அடி விளிம்பு 22.4, விளிம்பின் தடிப்பு 1.8. கட்டில் கால் கடைகிறவருக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு. "பாயிண்ட் ரெண்டா?" முதலில் கையிலிருந்த வேப்பங்கட்டையில் மூன்று கடைந்தார். வீட்டில் போட்டுப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி நுழைந்தது. ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் கழித்துப் போட்டேன், நுழைந்தது, வரவில்லை. வேம்பு ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. துடைக்கும் கோலை வாய்ப்பக்கமாக விட்டுத் தட்டித்தான் வெளியே வந்தது.

பின்கட்டில் கரையான் அரித்து எடுத்துப்போட்ட நிலைக்கால் ஒன்று சாய்ந்திருந்தது. பர்மாத் தேக்கு. தேக்கு மழைக்கும் வெயிலுக்கும் அவ்வளவாக அசையாது. நூறு வருஷம் காய்ந்தது வேறு. அதை அறுத்துக் கொண்டுபோனேன். உடலை 20-க்கு இறக்கினோம். அடியில் கேப் இருக்கும் இடத்தில் ஆறு மில்லிமீட்டர் துளை போட்டு, கெட்டி ரப்பரை அதே அளவில் வெட்டி அடித்து இறக்கினேன். எதைக் கொண்டு வெட்டினேன் என்று கேட்க வேண்டாம், ஐயாவின் உளி அந்த அளவு இல்லை; பழைய குடைக்கம்பிக் குழாயின் முனையைத் தீட்டிக்கொண்டேன். மேல் வாயில் ரவையை மூடும் அட்டை இருக்க வேண்டுமே? மஞ்சள் பையிலிருந்து பேரேட்டு வட்டங்களில் 25 எடுத்து, ஒவ்வொன்றின் தலையிலும் மெழுகை உருக்கி ஒட்டினேன், எழுத்து வெளியே தெரியும்படி. பட்டையின் வளையங்களை ஈரமாக்கி, மரத்தோட்டாவை பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் செருகி, நிழலில் இரண்டு நாள். தோல் இறுகிப் பிடித்துக்கொண்டது. இப்போது தலைகீழாகப் பிடித்து உதறினாலும் ஒன்றும் விழுவதில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்தது. அப்பச்சி வேட்டிக்குமேல் பட்டையைக் கட்டிக்கொண்டு பட்டாலையில் நின்றார். துப்பாக்கியைத் திறந்து இரண்டு குழலையும் அவரே பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார், பிறகு இடுப்பிலிருந்து இரண்டு எடுத்துப் போட்டு மூடினார். வளவுக்கு வெளியே, ஆளில்லாத மண்மேட்டைப் பார்த்துத் தோளில் வைத்தார். டக். டக். உள்ளேயிருந்து ஆத்தா, "என்ன உடைச்சீக?" என்றார்கள்.

தோட்டாவை வெளியே எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ரப்பரில் விழுந்த தடத்தை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"வலது நடுவுல அடிச்சிருக்கு. எடது கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு, ஆழமும் இல்ல. ஊசி தேஞ்சிருக்கும். அடுத்த தடவ மதுரை போறப்ப அவர்ட்ட காட்டணும்."

குறித்துக்கொண்டேன்.